மேல்வீட்டு வால்வு

பாப்பா,

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "பெரியப்பா வராட்டி நான் மணவறைக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாய். என் பதிலுக்குக் காத்திராமல் வைத்தும்விட்டாய். என் மகள்தான் நீ, அதில் சந்தேகமில்லை. அழைப்பிதழில் யார் யார் பெயரைப் போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறார். உனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். ஆனால் அது நேராக வராது, நம் வீட்டுக் குளியலறைக் குழாய் வழியாகத்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி. வத்தளையில் வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்கப்போகிறவள் நீ. மற்றது உதவாவிட்டாலும் குழாய்ச் சமாசாரமாவது உனக்கு உதவும்.

இதை எல்லாரும் படிக்கிற கடிதமாக எழுதுகிறேன். "வீட்டு விசயத்த எதுக்குங்க ஊருக்குச் சொல்றீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு நடந்தது ஊர் பார்க்க நடந்தது. அதற்கு நான் சொல்கிற பதிலையும் ஊர் பார்க்கட்டும்.

நம் வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு, பாவாடை தடுக்கத் தடுக்க ஓடித்திரிந்தாய். ஹாலிஎலப் பாதையிலிருந்து மேலே ஏறுகிற அந்தச் சரிவுக் காணியை நானும் உன் பெரியப்பாவும் சேர்ந்துதான் வாங்கினோம். மேலே அவர், கீழே நாம். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து அறையில் பிறந்த இரண்டு பேர், தோட்டத்துக்குச் சொந்தமில்லாத மண்ணில் நின்று, இது என் சுவர் என்று சொல்லிக்கொண்ட முதல் நாள் அது. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள், அதிபரும் வந்திருந்தார். கூரையிலிருந்து குழாய்வரை பாதி வேலையை உன் பெரியப்பா தன் கையால் செய்தார், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பந்தியில் யாரோ வீட்டைப் புகழ்ந்தார்கள். உடனே அவர் சொன்னார்: "வீடு தம்பி வீடுதான். ஆனா ஒரு ஆணி அடிச்சது அவன் இல்ல. பேனா புடிச்ச கைக்குச் சுத்தியல் கனம்." பந்தி சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அதிபர். அவர் அந்த வாக்கியத்தைப் பாடசாலைக்குக் கொண்டுபோனார். கதிரைக் கால் ஆடினாலும், கரும்பலகை கழன்றாலும், "விஞ்ஞான சேர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, சுத்தியல் கனம்" என்பார். ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வரவேண்டிய உதவி அதிபர் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்தவரும் அவர்தான். அதை நான் மறக்கவில்லை, ஆனால் அது இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

"இதுக்காப்பா?" என்று ஒருமுறை கேட்டாய். ஆமாம், இதற்குத்தான். ஈட்டி குத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். முள் குத்தினால்தான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்துகொண்டே இருப்போம். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் நிறுத்திக்கொண்டார். உன் அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் வேலிக்கு மேலால் கறிவேப்பிலையையும் ஊர்க்கதையையும் கைமாற்றிக்கொண்டார்கள். நீயோ வேலி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் போய்வந்தாய். பெரியம்மாவிடம் தலை பின்னிக்கொண்டு வருவாய். பெரியப்பா உனக்குச் சைக்கிள் பழக்குவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ விழுந்தபோது ஓடி வரவும் முடியவில்லை. அவர் நிற்கிற பாதைக்கு நான் எப்படி வருவது?

இனிக் குழாய்க்கு வருகிறேன்.

அது எப்போது ஒழுகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. முதலில் சொட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும். நூல் போல ஓடுகிற நிலைக்கு வந்த பிறகும் அதை ஒரு பழுதாக நானோ உன் அம்மாவோ எண்ணவில்லை. செவிடர்களா நாங்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் காதுகள் பீலிக்கரையில் வளர்ந்தவை. மலையிலிருந்து இறங்கும் ஊற்றுக்கு ஒரு குழாயை வைத்து வழியவிட்டால் அதுதான் பீலி, அதற்கு மூடி கிடையாது. நாங்கள் குளித்தாலும் ஓடும், தூங்கினாலும் ஓடும். ஓடுகிற சத்தம் கேட்கும்வரை லயத்தில் எல்லாம் சரி. சத்தம் நின்றால்தான் ஆட்கள் வெளியே வந்து, "என்னாச்சு, பீலி நின்னுபோச்சு" என்று மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தக் காதுகளைத்தான் சொந்த வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தோம். ஒழுகும் குழாய் எங்களுக்கு நல்ல சகுனம் போலக் கேட்டிருக்கிறது.

அது பழுது என்று கண்டுபிடித்தவர் உன் வருங்கால மாமியார். பெண் பார்க்க வந்த அன்று கைகழுவப் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் கூச்சம். "நான்தான் மூடத் தெரியாம மூடுறேனோன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன் சம்பந்தி, நிக்கவே மாட்டேங்குது" என்றார். தண்ணீருக்கு மாதா மாதம் பில் வருகிற ஊர்க்காரர்கள் அவர்கள். அவர்கள் போனதும் உன் அம்மா தொடங்கினாள். "கல்யாணத்துக்கு வர்றவங்கள துன்ஹிந்தவுக்குக் கூட்டிட்டுப் போகத் தேவையில்லங்க. நம்ம பாத்ரூமுக்கு அனுப்புனா போதும், அருவி பாத்த மாதிரி இருக்கும்."

சரி என்று குழாய் வேலை பார்க்கும் பாஸ் ஒருவருக்குச் சொன்னேன். "நாளைக்கு வர்றேன் சேர்" என்றார். அவருடைய நாளை தினமும் நாளையாகவே இருந்தது. நானும் காத்திருந்தேன், எரிச்சல்கூட வரவில்லை. அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் புரிந்தது. தோட்டத்தில் நாம் எதையும் தொடுவதில்லை. கூரைத் தகரம் ஒழுகினால் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்வோம். தலைவர் ஆபீசில் சொல்வார். ஆபீஸ் ஆளை அனுப்பினாலும் அனுப்பும், அனுப்பாமலும் விடும். அதுவரை ஓட்டைக்குக் கீழே சட்டியை வைத்துக்கொண்டு படுப்போம். நாமே ஏறித் தகரத்தைத் திருப்பினால், யாரைக் கேட்டுத் தொட்டாய் என்று கேள்வி வரும். அந்த அறைகள் நம்முடையவை அல்ல. ஆனால் இந்த வீடு என்னுடையது. என் வீட்டுக் குழாயின் கீழே வாளியை வைத்துவிட்டு எந்த ஆபீசின் பதிலுக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன்? இதை நினைத்த அன்றுதான் நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன். சுத்தியல் கனம் என்ற சொல்லும் காதில் இருந்தது, மறைப்பானேன்.

பதுளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போய் வாஷர் கேட்டேன்.

"வாஷரா? அத யாரு சேர் இப்ப மாத்துறா? புதுப் பைப்பு ஒன்னு எடுங்க. பழசக் கழட்டி வீசிட்டுப் பூட்டிருங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்கு வாஷர்தான் வேணும்."

"என்ன சைஸ்?"

அது எனக்குத் தெரியவில்லை. பழையது குழாய்க்குள் இருக்கிறது, குழாயோ வீட்டில் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் ஒரு தகரப் பேணியை மேசையில் கவிழ்த்து, "எல்லாத்துலயும் ஒவ்வொன்னு கொண்டுபோங்க, ஏதாச்சும் ஒன்னு சரிவரும்" என்றார். விடை தெரியாத மாணவன் எல்லா விடைக்கும் கீழே கோடு போடுவது போல, ஒரு கை நிறைய ரப்பர் வட்டங்களை வாங்கிக்கொண்டேன். ஒரு ஸ்பேனரும் வாங்கினேன். பாப்பா, நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள். உன் கணவருக்கு என்று வாங்காதே. உனக்கு என்று வாங்கு.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். கைப்பிடியைக் கழற்றினேன், அதற்குக் கீழே இருந்த நட்டை இடப்பக்கம் திருகினேன். தண்ணீரை எங்கும் மூடவில்லை. நீ சிரிக்கலாம். மடுல்சீமையில் பீலிக் குழாயை மாற்றும்போது யாரும் தண்ணீரை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஒரு சாக்கை அடைத்து, நனைந்துகொண்டே வேலையை முடிப்பார்கள். பீலித் தண்ணீர் சும்மா வழிகிற தண்ணீர். நம் வீட்டுக்கு வருவதோ மேட்டில் இருக்கும் தொட்டியிலிருந்து அவ்வளவு உயரமும் இறங்கி வருகிற தண்ணீர். திரவ அமுக்கம் ஆழத்தோடு கூடும் என்று ஆண்டுதோறும் படிப்பித்து வருகிறவன் நான். நட்டு கழன்ற மறுகணம் அந்த அமுக்கம் முகத்தில் அடித்து, கூரைப் பலகையில் பட்டு, திரும்பத் தலையில் விழுந்தது. கட்டைவிரலால் பொத்தினேன். விரலைச் சுற்றி நாலு பக்கமும் பீய்ச்சியது. உன் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"தண்ணிய நிப்பாட்டாம யாராச்சும் கழட்டுவாங்களா? இந்த லட்சணத்துல புள்ளைங்களுக்கு விஞ்ஞானம் வேற."

எப்படியோ நட்டைத் திரும்ப மாட்டி இறுக்கினேன். ஒழுகல் முன்னைவிட மோசமானது. இடுப்பில் ஈரச் சாரத்தோடு நின்றபோதுதான் தண்ணீரை நிறுத்துவது எங்கே என்ற கேள்வி வந்தது. விடை எனக்குத் தெரிந்ததுதான், அதனால்தான் அந்தக் கேள்வியை இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நம் காணிக்கு மேலே யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊற்றிலிருந்து நானும் உன் பெரியப்பாவும்தான் கறுப்புக் குழாய் இழுத்தோம். அவர் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிமெந்துத் தொட்டியை அவரே கட்டினார். தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, முதலில் அவர் வீட்டுக்குப் போய், பிறகு நம் வீட்டுக்கு வருகிறது. தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு, இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். அதைப் பொருத்திப் பூட்டுகிற நேரம் அவர் சொன்னார்: "அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு ரெண்டு வால்வு?" அன்று அது எனக்கு இனித்தது. பேச்சு நின்ற பிறகு அதே வாக்கியத்தை நான் வேறு விதமாகப் படித்தேன். நம் வீட்டுத் தண்ணீரின் கழுத்து அவர் கையில் இருக்கிறது, நினைத்தால் நெரிக்கலாம், இதற்காகத்தான் அன்றே ஒரு வால்வோடு நிறுத்தினார் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். மூடினால் அவர் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்துதான் நிற்கும் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெலிந்து வந்தால்கூட, இதோ தொடங்கிவிட்டார் என்று நினைப்பேன்.

இப்போது அந்த வால்வை மூடித் தரும்படி அவரிடமே போய்க் கேட்கவேண்டும். பல நாள் தள்ளிப்போட்டேன். ஊற்றுக்கே ஏறிக் குழாயைப் பிடுங்கிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன், அதற்கும் அவர் முற்றத்தைத் தாண்ட வேண்டும். உன் அம்மா, "விடுங்க, ஒழுகட்டும். கல்யாணத்தன்னைக்கு நானே மைக்குல சொல்லிர்றேன், எங்க வீட்டுக்காரரும் அவுங்க அண்ணனும் பேசிக்கிறதில்ல, அதனால எங்க பைப்பு மூடாதுன்னு" என்றாள். நீ தொலைபேசியில் மணவறைக்கு வரமாட்டேன் என்று சொன்னதும் அதே நாளில்தான். வீட்டுக்குள் ஒரு பெண், கொழும்பில் ஒரு பெண், இருவருக்கும் நடுவே ஒரு குழாய். மறுநாள் காலை ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஸ்பேனர் எதற்கு என்று கேட்காதே. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

உன் பெரியப்பா போஞ்சிக் கொடிக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். பெரியம்மா என்னைக் கண்டதும், நேற்றும் வந்துபோனவனைப் போல, "வாங்க தம்பி" என்றார். நான் போஞ்சிக் கம்பைப் பார்த்துச் சொன்னேன்.

"தண்ணிய கொஞ்ச நேரம் மூடணும்."

அவரும் கம்பைப் பார்த்தபடியே கேட்டார். "எதுக்கு?"

"பாத்ரூம் பைப்பு ஒழுகுது. வாஷர் மாத்தணும்."

"பாஸ் வந்திருக்கானா?"

"இல்ல. நான்தான் மாத்துறேன்."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை, பிறகு ஸ்பேனரை. "நீயா?" என்றார்.

"ஏன், அவருக்குக் கை இல்லையா?" என்றார் பெரியம்மா. "பேசாம மூடிக் குடுங்க."

தொட்டியடியில் வால்வை மூடியிருந்த பலகையைத் தூக்கினோம். கீழே வால்வின் சக்கரம் முழுவதும் பாசி, அதன் தண்டில் துரு அடையடையாகப் படிந்திருந்தது. அவர் திருகினார், அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினார், அப்போதும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்கு அந்தத் துரு என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகுமா? இரும்பு அப்படி இறுகவேண்டுமென்றால் அதை நெடுங்காலம் யாரும் தொடாமல் இருந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை திருகியிருந்தால்கூட அது இப்படிப் பிடித்துக்கொண்டிருக்காது.

"இத கடைசியா எப்ப மூடுனது?" என்று கேட்டேன்.

"மூடுறதா? பூட்டுன அன்னைக்கு ஒருக்கா மூடிப் பாத்தேன். அப்புறம் எதுக்கு மூட?"

நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை, துரு முன்னால் இருந்தது. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. "ஒருநாளாச்சும், கோவத்துல, மூடிறலாம்னு தோணலையா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "தோணுச்சு. தோணாம என்ன. ஒருநாள் பலகையக்கூடத் தூக்கிட்டேன். கீழ பாத்தா உன் பொண்டாட்டி மூட்டையா துணிய ஊறப் போட்டிருந்துச்சு. பாவம், சோப்பு நுரையோட நிக்கும்னு விட்டுட்டேன்."

பிறகு ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் சக்கரத்தில் கொடுத்து, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று நெம்பினோம். கிறீச்சென்று சக்கரம் அசைந்தது. இருவரும் சேர்ந்து அதை முழுவதும் மூடினோம்.

வேலைக்கு இனித்தான் வருகிறேன், கவனமாகப் படி. தண்ணீரை மூடிய பிறகு குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பதெல்லாம் வழியும்வரை நில். தண்ணீர் போகிற ஓட்டையை ஒரு துணியால் அடை, இல்லாவிட்டால் சின்னத் திருகாணி அதற்குள் போய்விடும். கைப்பிடியின் தலையில் இருக்கும் சின்ன மூடியைக் கத்தி முனையால் கிளப்பினால் திருகாணி தெரியும். அதைக் கழற்று, கைப்பிடி வந்துவிடும். கீழே இருக்கும் நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகினால் உள்ளே இருக்கிற தண்டு முழுசாக வெளியே வரும். அதன் அடியில்தான் வாஷர் இருக்கும்.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சின்னப் பிள்ளையின் குதூகலம் வந்தது. இவ்வளவு நாளும் திறந்து மூடிய ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ரப்பர் கொட்டைப்பாக்குப் போல இறுகிப் போயிருந்தது. அதன் முகத்தில் வட்டமாக ஒரு தழும்பு, மோதிரம் இறுகிய விரலில் இருக்குமே, அது மாதிரி. தழும்பின் ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தது. பாடசாலைக்காக வாங்கி வைத்திருந்த, பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையை எடுத்துவந்து பார்த்தேன். வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பில், அந்த வாய்க்காலுக்கு நேராக, ஒரு மணல் பரல் சிக்கியிருந்தது. நம் ஊற்றோடு வந்த பரல், வெயில் பட்டால் மின்னும் வெள்ளைக் கல். அது ரப்பரை ஓரிடத்தில் கடித்திருக்கிறது. கடித்த இடத்தில் தண்ணீர் நுழைந்து, நுழைந்த வழியைத் தானே அகலமாக்கிக்கொண்டிருக்கிறது. ஒழுகுகிறதே என்று நான் பலத்தை எல்லாம் கூட்டி இறுக்கிய ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லை இன்னும் ஆழமாக ரப்பருக்குள் அழுத்தியிருக்கிறேன். ஒழுகும் குழாயை இறுக்கி மூடாதே, பாப்பா. எல்லாரும் செய்வது அதைத்தான், எல்லாருடைய குழாயும் அதனால்தான் கெடுகிறது.

இதற்கு நடுவே வேலிப்பக்கமிருந்து சத்தம் வந்தது. "முடிஞ்சுதாடா? உங்க அண்ணி அரிசி களையணுமாம்."

"இன்னும் இல்ல."

"கைய கிய்ய வெட்டிக்கிட்டியா?"

"இல்ல."

"நான் வரவா?"

"வேணாம்."

குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வேலியைத் தாண்டவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. வேலியோரக் கல்லில், நம் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் செய்வதை அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நான் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி உட்கார்ந்தாரா, வெயிலுக்காகவா? எனக்குத் தெரியாது. கேட்டால் வெயில் என்றுதான் சொல்வார்.

பரலை ஊசியால் கிளப்பினேன். கடைக்காரர் தந்ததில் முதல் வாஷர் பெரிது, இரண்டாவது தொளதொளத்தது, அடுத்தது வைத்ததும் பொருந்திக்கொண்டது. தண்டை இறக்கி, நட்டை இறுக்கி, கைப்பிடியை மாட்டினேன். இனித் தண்ணீரைத் திறக்கச் சொல்லவேண்டும். காலையில் பேசியதையெல்லாம் யாரையும் விளிக்காமலே பேசி முடித்திருந்தேன். ஆனால் அவ்வளவு தூரத்துக்குக் குரல் கொடுக்கவேண்டுமென்றால் ஒருவரை ஏதாவது சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஜன்னலில் வாயை வைத்து, "அண்ணே, தொறக்கலாம்" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் எழுந்து மேலே போனார்.

குழாய் முதலில் இருமியது, பிறகு துருத் தண்ணீரைத் துப்பியது, பிறகு தெளிந்தது. இரண்டு விரலால் மூடினேன். நின்றுவிட்டது. நானும் உன் அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "என்னங்க, வீட்டுல யாரோ இல்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் உன் பெரியப்பா வேலியில் நின்றார். "இன்னைக்குக் காலையில எங்க பைப்புல தண்ணி வந்துச்சுடா" என்றார், ஏதோ விருந்தாளி வந்ததைச் சொல்வது போல.

"இவ்ளோ நாளா வரலையா?"

"விடியக்காலையில வராது. உங்க அண்ணி ராத்திரியே பானையில புடிச்சு வெச்சுக்கிருவா."

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். வெயில் காலம், ஊற்று மெலிந்திருக்கிறது. இரவெல்லாம் என் குழாய் தொட்டியைக் குடித்துத் தீர்க்கிறது. தொட்டி வற்றும்போது மேட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும், பள்ளத்தில் இருப்பவனுக்குக் கடைசிச் சொட்டுவரை வரும். "மேல காலையில தண்ணி வரலையாம்" என்று உன் அம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டவனுக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு வாஷர் தேவைப்பட்டிருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"சொன்னா, அண்ணன் தண்ணிக்குக் கணக்குப் பாக்குறான்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன்தான். வேறு பேச்சுக்கு வழியில்லாமல், "பாப்பா கல்யாணத்துக்கு வரணும்" என்றேன்.

அவர் முகம் இறுகியது. "வேலியில நின்னா கூப்புடுறது? நான் என்ன ரோட்டுல போறவனா? பொண்டாட்டியோட, தட்டு எடுத்து, முன்வாசல்ல வா." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. வாசல் தேடிப் போய், வாய் திறந்து கேட்டு, இன்னும் என்ன வேண்டுமாம் என்று வீட்டுக்குள் வந்து கத்தினேன். உன் அம்மா அலமாரியிலிருந்து தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

நேற்று மாலை போனோம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு எல்லாம் முறைப்படி வைத்து, முன்வாசல் வழியாக, நான் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவரும் வேட்டியில்தான் இருந்தார், நாங்கள் வருவது யார் மூலம் தெரிந்ததோ. தட்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பெரியம்மாவிடம் கொடுத்தார். தேநீர் வந்தது. பெரியப்பா ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்.

"நான் வராட்டி அவ மணவறைக்கு வரமாட்டேன்னு சொன்னாளாமே?"

"சொன்னா."

"அப்ப இந்தக் கல்யாணத்துல மாப்பிள்ளையவிட நான்தான் முக்கியமான ஆளு. பேர எங்க போடப்போற? கீழயா?"

"மேல" என்றேன்.

"உன் பேருக்கு மேலயா?"

"மூத்தவரு பேரு மேலதான் வரும். இதுல என்ன கேள்வி?"

அவர் பெரியம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தியா, வாத்தியாரு ஒரு வேலையக் கத்துக்கிட்டவொடன எப்படி நல்ல பேச்சுப் பேசுறாரு."

அவர்கள் மூவரும் சிரித்தார்கள், உன் அம்மாவும்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாப்பா, அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பந்தியில் அன்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கிற சுபாவமும் எனக்கு இல்லை. ஆனால் நேற்று வந்த கோபத்தைத் தேநீரோடு வைத்துப் பார்த்தேன். அது பழைய கோபம் இல்லை. தினமும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்களுக்கு இடையே வருகிற, இரவுச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடுகிற கோபம். அந்த மாதிரிக் கோபம் எனக்கு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அச்சகத்துக்குப் பெயர்களை அனுப்பிவிட்டேன். நீ மணவறைக்கு வரலாம். வாசலில் வந்தவர்களை வரவேற்க நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். அனேகமாகச் சண்டை பிடித்துக்கொண்டுதான் நிற்போம், மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அப்பா